பெரியாற்று அணையும் அதன் வடபாற் கல்லறைகளும்

காஞ்சிமாநகரினின்று உத்திரமேரூர் செல்லும் பெருவழியில், சேயாற்றின் கரையில், மாகறல் என்னும் பழம்பதி உளது. திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலங்களுள் அஃது ஒன்று. சவ்வாது மலையிற் பிறக்கும் சேயாறு இவ்வூர்ப்புறத்தைக் கடந்து சென்று பாலாற்றோடு கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடந்து, மழைக்காலத்துச் சில நாட்களில் மட்டும் கரைபுரளும் இத்தகைய ஆறுகளை நம்பி உழவு செய்தல் இயலாது. ஆதலின் இந்நாட்டார் பண்டைக்காலந்தொட்டு ஏரிகளையே நம்பி வாழ்ந்தனர். அண்மையிலுள்ள உத்திரமேரூரில் பல்லவர் காலத்திலேயே வயிரமேக தடாகம் என்னும் பேரேரி இருந்தது. அவ்வூர்ச் சபையார் ஏரியைப் பேணுதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழுவொன்றைக் குடவோலையாற் தேர்ந்தெடுத்தனர் என்பதைப் பராந்தக சோழனின் காலத்துக் கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் இன்றும் அறிவிக்கின்றன.

அக்கல்வெட்டுக்களில் அரசர் பெயருண்டு, சபையின் பெயருண்டு, அறஞ்செய்தார் பெயருமுண்டு. ஆயின் மண்வெட்டி எடுத்து அவ்வேரியை வெட்டினவர் பெயர் உண்டோ? கரைக்கு மண் சுமந்த மகளிர் பெயர் உண்டோ? இல்லை. ஏரியின் கரையே அவர்களுக்குக் கல்வெட்டாயிற்று. இஃது ஒரு நாட்டின் குறையன்று. ஒரு காலத்தின் குறையுமன்று. நீர்த்தேக்கம் கட்டினோர் கதை உலகெங்கும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது.

இக்குறையை நன்கு காட்டும் இடமொன்று நம் தமிழ்நாட்டின் மேற்கெல்லைக்கு அப்பால், கேரள நாட்டு இடுக்கி மாவட்டத்தின் அடர்ந்த காட்டில் உளது. முல்லைப் பெரியாற்று அணையின் வடபால் அமைந்த கல்லறைத் தோட்டமே அது. 1887 முதல் 1895 வரை நடைபெற்ற அணைவேலையில் நோய்வாய்ப்பட்டு இறந்த 483 பேர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர் எனக் கணக்குக் கூறுகின்றது. அவ்விடம் இன்று பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தினுட் பட்டது. தக்க அனுமதியின்றி எவரும் அங்குச் செல்லலாகாது. எனவே, கால் செல்லுமளவு காலாலும், அதற்கப்பாற் கருத்தாலும் நடந்து, அவ்விடத்தின் வரலாற்றைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட பணி.

வறண்ட நாடும் பழைய எண்ணமும்

நம் நடை மலையிலன்று, சமவெளியிற் தொடங்குதல் வேண்டும். ஏனெனின் மலைமேற் கட்டிய அணை சமவெளியின் தாகத்தாற் பிறந்தது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவிற் கிடக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலினின்று கொணரும் முகில்கள் மலையின் மேற்குச் சரிவிலேயே தம் நீரைக் கொட்டிவிடுகின்றன. கிழக்கே வருங்கால் அவை வெறுங்காற்றாகவே வருகின்றன. வைகையோ மழையை நம்பிய ஆறு. மேற்கே பெரியாறு பெருவெள்ளமாய் ஓடி ஒருவர்க்கும் உதவாது கடலிற் கலக்க, கிழக்கே வைகையின் மணல் வெயிலில் வெதும்பும். இவ்விரண்டிற்கும் இடையே நின்றது ஒரு மலைமுகடேயாகும்.

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் ஆங்கிலப் பொறியாளரது மூளையில் முதன்முதல் உதித்ததன்று. 1789-ஆம் ஆண்டளவிலேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் அமைச்சரான பிரதானி முத்திருளப்ப பிள்ளை என்பார் இதனைக் கருதினார். பொருள் மிகுதியாக வேண்டியிருந்தமையின் முயற்சி கைவிடப்பட்டது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்னும் அதிகாரி மலையை ஆராய்ந்து, இது கைகூடாக் கனவு என்று எழுதி முடித்தார்.

1850-இல் நிகழ்ந்தது சிறப்பாகக் கருதத்தக்கது. அவ்வாண்டு பெரியாற்றின் குறுக்கே மண்ணணை ஒன்று கட்டும் வேலை தொடங்கிற்று. ஆயின் விரைவிலேயே நின்றது. காரணம் வெள்ளமன்று, பாறையுமன்று. அவ்விடம் உடல்நலத்திற்கு ஒவ்வாதது, ஆதலின் கூலியை உயர்த்துதல் வேண்டும் என்று வேலையாட்கள் கேட்டனர். அதன்மேல் வேலை கைவிடப்பட்டது. பெரியாற்று வரலாறு முழுவதிலும் வேலையாட்களின் சொந்தக்குரல் தெளிவாகக் கேட்கும் இடம் இஃதொன்றே என்று கூறலாம். அக்குரல் கூறியது யாது? "இவ்விடம் கொல்லும்" என்பதே. 37 ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் வேலை தொடங்கியபோது அக்கூற்றின் உண்மையை 483 குழிகள் நிலைநாட்டின.

இடையிலே தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் வழங்கும் பெரும்பஞ்சம், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோயாலும் மாண்டனர். பஞ்சத்திற்குப் பின்னர் நீர்ப்பாசனம் அரசாங்கத்தின் கடமை என்னும் கருத்து வலுப்பெற்றது. 1882-இல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் வகுத்த திட்டம் ஏற்கப்பட்டது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் இந்திய மந்திரிக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கர் ஒன்றிற்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்பட்டது. நிலத்திற்கு விலை பேசப்பட்டது. உயிருக்கு அவ்வுடன்படிக்கையில் இடமேது?

மலையேறும் வழி

இனிக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே மேற்கு நோக்கிச் செல்வோம். இருபுறமும் நெல்வயலும் தென்னையும் திராட்சைத் தோட்டமும் பசுமை பரப்பி நிற்கும். இப்பசுமையின் ஒரு பகுதி மலைக்கப்பாலிருந்து வந்த நீரின் கொடையேயாம். கூடலூரைக் கடந்தால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் ஊர் வரும். அணை கட்டிய காலத்துக் கீழ்ப்பாசறையின் நினைவு அவ்வூர்ப்பெயரிற் தங்கியுள்ளது. இங்கேதான் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தாற் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாளாகிய சனவரி 15, பொங்கற் பருவத்தோடு ஒட்டி வருதலின், அப்பள்ளத்தாக்கின் ஊர்கள் பலவற்றில் அவர் படத்தின் முன் பொங்கலிடுதல் வழக்கமாயுள்ளது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுவாரும் உளர்.

அந்நன்றியை யாம் சிறிதும் குறைகூறோம். 1841-இல் புனாவிற் பிறந்து, சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் உழைத்து, 1911-இல் இங்கிலாந்தில் இறந்த அப்பெரியார் அதற்கு முற்றுந் தகுதியுடையவரே. வெள்ளம் அடித்துச் சென்ற வேலையை அவர் தம் சொத்தை விற்று மீண்டும் நடத்தினார் என்று மக்கள் கூறுவர். அக்கதையின் உண்மை எவ்வாறாயினும், ஓர் உத்தியோகத்தரைப்பற்றி மக்கள் இத்தகைய கதையைப் பல தலைமுறை பாராட்டி வருதலே அவர் எய்திய அன்பிற்குச் சான்றாம். யாம் வினவுவது வேறொன்று: ஒருவர்க்கு மண்டபம் எடுத்த நன்றி, 483 பேர்க்கு ஒரு சொல்லையேனும் ஒதுக்கிற்றா என்பதே.

லோயர் கேம்பினின்று மலைப்பாதை வளைந்து வளைந்து குமுளிக்கு ஏறுகின்றது. இன்று மோட்டார் வண்டியில் அமர்ந்து செல்வோர் இவ்வழியின் அருமையை அறியார். அக்காலத்திற் சுண்ணாம்பும் கருவியும் உணவும் கீழிருந்தே மேலே செல்லவேண்டும். மேலேயோ ஊரில்லை, சந்தையில்லை, மருத்துவரில்லை. பளியரும் மன்னான்களுமாகிய பழங்குடியினர் மட்டுமே அக்காட்டின் போக்கை அறிந்தவர். யானைக்கூட்டமும் ஆண்டிற் பல திங்கள் விடாது பெய்யும் மழையும் ஏனையோரை அணுகவொட்டாது தடுத்தன.

குமுளிக்கு அப்பாற் தேக்கடி. இங்கேதான் நீர் திசை மாறுகின்றது. பெரியாறு இயல்பாக வடமேற்காகச் சென்று அரபிக்கடலிற் சேரவேண்டியது. அணையினால் தடுக்கப்பட்டுப் பள்ளத்தாக்குக்களில் ஏறி நிற்கும் நீர், ஏரியின் வடகோடியில் ஆழமான வெட்டுவாய்க்கால் ஒன்றின் வழியே சென்று, மலைமுகட்டின் அடியிற் குடைந்த 5,704 அடி நீளமுள்ள சுரங்கத்தினுட் புகுகின்றது. சுரங்கத்தின் மறுபுறம் தமிழ்நாடு. அங்கே வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி, வைகையை அடைந்து, பேரணையிற் பிரிந்து, பெரியாற்றுப் பெருங்கால்வாயாக வயல்களுக்குச் செல்கின்றது. மலையின் ஒருபுறத்து மழையை மறுபுறத்து உழவனின் மடைக்குக் கொணர்ந்த இச்செயல், அக்காலத்து உலகப் பொறியாளரையெல்லாம் வியக்கச் செய்தது.

ஏரியின் நடுவே பட்டுப்போன மரங்கள் நீருக்குமேற் தலைநீட்டி நிற்றலைப் படகில் செல்வோர் காண்பர். அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் எச்சங்களே அவை. நூற்றாண்டிற்கு மேலாகியும் அவை முற்றும் அழிந்தில. மூழ்கிய மரத்தைப் புகைப்படம் எடுக்காத பிரயாணியில்லை. மாண்ட மனிதரை வினவும் பிரயாணியோ அரியர்.

அணை எழுந்த வகை

முல்லையாறு பெரியாற்றோடு கூடும் இடத்தை அடுத்து, கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், இரு குன்றுகளின் இடையே அணை நிற்கின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 1,200 அடி. அடித்தளத்தினின்று உயரம் 176 அடி. உச்சியில் 12 அடியே அகலமுள்ள சுவர் அடியில் 138 அடியாக விரிகின்றது. இவ்விரிவின் காரணத்தை மாணாக்கர் எளிதில் உணரலாம். நீர் ஆழமாகுந்தோறும் அதன் அழுத்தம் மிகும். ஆதலின் ஆழமான இடத்திற் சுவர் தடித்திருத்தல் வேண்டும். இவ்வணை வளைவினாலோ இரும்பினாலோ நீரைத் தாங்குவதன்று. தன் எடையினாலேயே தாங்குவது. இரும்பும் சிமெண்டும் மலிவாகக் கிட்டாத அக்காலத்தில், சுண்ணாம்பும், சுட்ட செங்கல் மண்ணைப் பொடித்த சுர்க்கியும், மணலும் கலந்த காரையினாற் கற்களைப் பிணைத்து இதனை எழுப்பினர்.

இவ்வாறு எழுதுதல் எளிது, செய்தல் யாங்ஙனம்? ஓடும் ஆற்றின் படுகையில் அடித்தளம் இடுதல் வேண்டும். அதற்கு ஆற்றைத் தற்காலிகத் தடுப்பணைகளால் ஒதுக்குதல் வேண்டும். மழை வந்தவுடன் வெள்ளம் அத்தடுப்பணைகளை அடித்துச் செல்லும். வடிந்தபின் மீண்டும் கட்டுவர். மீண்டும் அடித்துச் செல்லும். ஆண்டுதோறும் இப்போராட்டம் நிகழ்ந்தது. இதில் ஈடுபட்டோர் யாவர்? சென்னைப் படையைச் சேர்ந்த பயனியர் பட்டாளங்களின் சிப்பாய்கள் ஒருபால். கொச்சியினின்று வந்த போர்த்துக்கீசிய வழித் தச்சர் ஒருபால். கல்லுடைத்தும், மண் சுமந்தும், சுண்ணாம்பு அரைத்தும் உழைத்த கூலியாட்கள் எண்ணிறந்தோர் மற்றொருபால். மழையில் நனைந்த துணியோடு பகலெல்லாம் நீரில் நின்று, இரவில் ஓலைக்குடிசையில் உறங்கினவர் இவர்கள். 1895 அக்டோபரிற் சென்னை மாகாணக் கவர்னர் வென்லாக் பிரபு சுரங்கத்தின் வழி நீரைத் திறந்துவிட்டபோது, உயிரோடிருந்தோர் மகிழ்ந்தனர்.

கொன்றது யாது?

இனி அணையின் வடபால் செல்வோம். அங்கு உறங்குவோரிற் பெரும்பாலோரை மாய்த்தது மலைக்காய்ச்சல், அஃதாவது மலேரியா. இந்நோயின் வரலாறும் அணையின் வரலாறும் பின்னிக் கிடத்தலை அறிந்தாலன்றி அவர்கள் மரணத்தின் பொருளை உணர்தல் இயலாது.

அக்காலத்து மருத்துவர் பலர், சதுப்பு நிலத்தினின்றும் அழுகிய இலைகளினின்றும் எழும் தீய காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று எண்ணினர். மலேரியா என்னும் சொல்லே இத்தாலிய மொழியிற் தீய காற்று என்று பொருள்படும். 1880-இல் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் லாவரான் என்பார், நோயாளியின் இரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். ஆனால் அஃது ஒருவர் உடலினின்று மற்றொருவர் உடலுக்குச் செல்லும் வழி விளங்கவில்லை. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், இந்திய மருத்துவச் சேவையின் சென்னைப் பிரிவைச் சேர்ந்த ரொனால்டு ராஸ் என்பார், அனாபிலிஸ் இனத்துக் கொசு ஒன்றின் வயிற்றில் அந்நுண்ணுயிர் வளர்தலைக் கண்டறிந்தார். இதன் பொருட்டு 1902-இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது.

ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அணை 1895-இல் முடிந்தது. கொசுவின் குற்றம் 1897-இல் வெளிப்பட்டது. இரண்டே ஆண்டு! பெரியாற்றுப் பாசறையில் இரவுதோறும் காதருகே ரீங்காரம் செய்த கொசுவைத் தம் பகைவன் என்று எவரும் அறிந்திலர். காற்றுக்கு அஞ்சிக் கதவை அடைத்தவரும் உளராகலாம். கொசுவுக்கு அஞ்சி வலை கட்டினவர் எத்தனை பேர்? மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் மெல்லென ஓடும் தெளிந்த ஓடைகளிலேயே இந்நோயைப் பரப்பும் கொசுவினம் ஒன்று முட்டையிடுகின்றது என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி தெளிவாக்கிற்று. குடிநீருக்கென ஓடையருகே குடிசை கட்டுதல் மனிதர் இயல்பு. ஆகவே நோயின் மடியிலேயே அவர்கள் படுக்கை விரித்தனர்.

மருந்து அறவே இல்லையோ எனின், இருந்தது. சிங்கோனாப் பட்டையினின்று கொய்னாவைப் பிரித்தெடுக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரர் 1820-லேயே கண்டனர். 1860-ஆம் ஆண்டினை ஒட்டி நீலகிரியிற் சிங்கோனாத் தோட்டங்கள் அரசாங்கத்தாரால் வைக்கப்பட்டன. ஒரே மாகாணத்தில், ஒரே மலைத்தொடரின் ஒருபுறத்தில் மருந்து மரமும் மறுபுறத்தில் நோயும் வளர்ந்தன. கொய்னா காய்ச்சலைத் தணிக்கும். ஆனால் மீண்டும் மீண்டும் கொசு கடிக்கும் இடத்தில், நனைந்தும் களைத்தும் கிடக்கும் உடலை அது மட்டும் காத்தல் அரிது. நாட்டுச் சாராயத்தின் உதவி இன்றேல் அணை முடிந்தேயிராது என்னும் கூற்றொன்றும் வழங்கிற்று. சாராயம் நோயைத் தீர்ப்பதன்று. நோயின் நினைவை ஓரிரவுக்கு மறைப்பதே. அறிவு தரவேண்டிய இடத்தில் அறியாமை மயக்கத்தைத் தந்தது என்று கொள்ளலே பொருந்தும்.

ஒப்புநோக்குதற்கு உலகின் மறுகோடியை நோக்குவோம். பெரியாற்றில் வேலை நடந்த அதே காலத்திற், பனாமாவிற் பிரெஞ்சுக் குழுமத்தார் கடற்கால்வாய் வெட்டினர். 1881 முதல் 1889 வரை அங்கு ஏறக்குறைய 22,000 பேர் மலேரியாவாலும் மஞ்சட் காய்ச்சலாலும் பிறவற்றாலும் மாண்டனர் என மதிப்பிடுவர், வேலையும் கைவிடப்பட்டது. 1904-இல் அமெரிக்கர் அதனை மீண்டும் தொடங்கியபோது, ராஸ் முதலியோரின் கண்டுபிடிப்பு அவர்கள் கையில் இருந்தது. மருத்துவர் கார்கஸ் என்பார் தேங்கிய நீரை வடித்தும், எண்ணெய் தெளித்தும், வீடுகளுக்குக் கம்பிவலை இட்டும் கொசுவை ஒழித்தார். மஞ்சட் காய்ச்சல் அறவே நீங்கிற்று. மலேரியா பெரிதும் குறைந்தது. 1914-இற் கால்வாய் திறக்கப்பட்டது. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே வகைக் கொசு, வேறுபட்டது அறிவொன்றே. பெரியாற்றுக் கல்லறைகளிற் கிடப்போர் அவ்வறிவு பிறப்பதற்குச் சிறிது முன்னர் இறந்தவர். நம் கல்லூரியில் விலங்கியலும் தாவர இயலும் பயிலும் மாணாக்கர், நுண்ணோக்கியிற் குனியுங்கால் இதனை நினைத்தல் நன்று. ஓர் ஆய்வு இரண்டாண்டு முந்துதலும் பிந்துதலும் ஏதோ ஒரு காட்டில் எத்தனை குழிகளைக் குறைக்கும் அல்லது கூட்டும் என்பதை எவர் அறிவர்?

எண்ணும் பெயரும்

காட்டிடத்தில் மண்ணும் கொடியும் கல்லறையை விரைந்து மூடும். யானை நடக்கும், மரம் விழும், மழை கரைக்கும். ஆயின் இயற்கையின் மறதியைவிட மனிதரின் மறதியே கொடிது. அணையைப்பற்றி இன்று இரு மாநிலத்தாரும் மிகுதியாகப் பேசுகின்றனர். 1979-இற் குசராத்து மாநிலத்து மச்சு அணை உடைந்தபின், இவ்வணையின் வலிமையைப்பற்றியும் ஐயம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. காங்கிரீட்டாலும் எஃகு வடங்களாலும் அணை வலுப்படுத்தப்பட்டது. 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அடியும் அங்குலமும் நாள்தோறும் பத்திரிகைகளில் வருகின்றன. கீழே வாழ்வோரின் அச்சமும் கிழக்கே உழுவோரின் தேவையும் மதிக்கத்தக்கனவே. அவ்வழக்கில் நடுவராய் அமர்தல் எம் பணியன்று. இருதிறத்தாரும் தமக்குரியது என்று வழக்கிடும் அவ்விடத்தில், எவரும் தமக்குரியது என்று கேளாத நிலம் ஒன்று உண்டு. அதுவே அக்கல்லறைத் தோட்டம்.

பழந்தமிழர் போரில் இறந்த வீரனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரும் பீடும் பொறித்தனர். மகவு ஈனாமல் இறந்த கருவுற்ற பெண்ணின் நினைவாகப் பெருவழியோரங்களிற் சுமைதாங்கிக் கல் நிறுத்துதல் இந்நாட்டு வழக்கம். வழிநடப்போர் தம் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறுவர். இறந்தவள் இறக்க இயலாத சுமையை வாழ்பவர் இறக்கி வைப்பர். எத்துணை நுண்ணிய அன்பு! இத்தகைய வழக்கமுடைய நாட்டார், தம் வயலுக்கு நீர் கொணர்ந்து மாண்டவர்க்கு ஒரு சுமைதாங்கியும் நாட்டாமை வியப்பன்றோ?

நம் மறைநூலில் தாவீதைப்பற்றிய செய்தியொன்று உளது. போர்க்காலத்தில் அவன் தாகங்கொண்டு, தன் சொந்த ஊராகிய பெத்லகேமின் வாயிலருகேயுள்ள கிணற்றுநீரை விரும்பினான். வீரர் மூவர் பெலிஸ்தரின் பாளையத்தினூடே துணிந்து புகுந்து அந்நீரை மொண்டு வந்தனர். தாவீதோ அதனைக் குடித்தானில்லை. உயிரைப் பொருட்படுத்தாது சென்ற மனிதரின் இரத்தத்திற்கு ஒப்பானது இந்நீர் என்று கருதி, அதனை ஆண்டவர்க்கு முன்பாக ஊற்றிவிட்டான். உழவர் பெரியாற்று நீரை ஊற்றிவிடுதல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. குடித்தற்கும் உழுதற்குமே அந்நீர் கொணரப்பட்டது. ஆயின் அந்நீரின் விலையை உணர்ந்து குடித்தல் வேண்டும் என்பதே அச்செய்தி நமக்குக் கற்பிப்பது. உணராது குடிப்பவன் தாவீதின் தாகத்தை மட்டும் உடையவன். அவன் நெஞ்சத்தை உடையவனல்லன்.

இனிச் செய்யக்கூடியது யாது? 483 என்பது எண். எண்ணுக்கு எவரும் கண்ணீர் விடார், பெயருக்கே விடுவர். பொறியாளர் மெக்கென்சி இவ்வணையின் வரலாற்றை எழுதி 1899-இல் வெளியிட்டார். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திற் பழைய பொதுப்பணித் துறையின் ஏடுகள் கட்டுக்கட்டாக உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில், தம் கொள்ளுப்பாட்டனார் அணைவேலைக்குச் சென்று மீண்டிலர் என்னும் குடும்பச் செய்தியைக் காத்திருக்கும் முதியோர் இருத்தல் கூடும். சரித்திரம் பயிலும் மாணாக்கர் இவற்றைத் தேடித் தொகுப்பாராயின், நூறு பெயர் கிடைத்தாலும் நன்று. பத்துப் பெயர் கிடைத்தாலும் நன்று. ஒரு பெயர் கிடைப்பினும் வீணன்று. லோயர் கேம்ப் மணிமண்டபத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர், தலைவரின் சிலைமுன் நின்று அவர் பெருமையை உரைத்தபின், மேற்கே மலையைச் சுட்டி, அங்கு உறங்குவோரையும் ஒரு சொல்லாற் கூறுதல் எவருக்கும் பொருட்செலவில்லாத அறமாகும்.

இவ்வறம் கம்பத்தார்க்கும் மதுரையார்க்கும் மட்டும் உரியதன்று. மாகறலிற் சேயாற்றங்கரையில் நிற்போனும், உத்திரமேரூர் ஏரிக்கரைமேல் நடப்போனும், ஏதோ ஒரு சிற்றூரின் மடையைத் திறப்போனும், பெயரறியாத ஒருவரின் உழைப்பின்மேலேயே நிற்கின்றனர். ஏரி வெட்டினவர் பெயர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் மறைந்தன. இனி அவற்றை மீட்டல் அரிது. பெரியாற்றில் மாண்டவர் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஏடுகளும் எஞ்சியுள்ளன, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் எஞ்சியுள்ளனர். மறதி இன்னும் முற்றவில்லை. முற்றுமுன் தேடுதல் கற்றவர் கடன்.